அற்புத நாவலாசிரியரும் இரண்டாவது நூலும்

முதல் நூல் எழுதுவது அரிது என்பர் எழுதப் புகுவோர். அதனினும் அரிது இரண்டாவது நூல் எழுதுவது என்பர் எழுதித் தேர்ந்தோர். பின்னவர் கூற்றே உண்மையென நாம் கருதுகிறோம். முதல் நூலை எழுதும்போது ஆசிரியரை உலகம் அறியாது. அவர் பெயரைக் கேட்டுக் காத்திருப்பாரும் இலர். குறை கூறக் கச்சை கட்டி நிற்பாரும் இலர். பிறந்தது முதல் அவர் கண்டதும் கேட்டதும், படித்ததும் பட்டதும் ஆகிய யாவும் அந்த ஒரு நூலுக்கு உரமாகின்றன. நூல் வெளிவந்து புகழ் பெற்றுவிட்டாலோ நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. பதிப்பாளர் கடிதம் எழுதுகிறார், வாசகர் கேட்கிறார், மதிப்புரை எழுதுவோர் முதல் நூலையே அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றனர். முதல் நூலுக்கு இருபது முப்பது ஆண்டு வாழ்க்கை முதலாக இருந்தது. இரண்டாவது நூலுக்குச் சில மாதங்களே கிடைக்கின்றன.

இவ்விடர் நாவலாசிரியர் எல்லோர்க்கும் பொதுவேயெனினும், விஞ்ஞானக் கதையும் அற்புதக் கதையும் எழுதுவோர்க்கு இஃது இருமடங்காகிறது. குடும்பக் கதை எழுதுபவர் தம் இரண்டாவது நூலுக்குப் புதியதோர் உலகத்தைத் தேட வேண்டுவதில்லை; நாம் வாழும் இவ்வுலகமே அவருக்குப் போதும். அற்புதக் கதையாசிரியரோ முதல் நூலில் தாமே ஓர் உலகத்தைப் படைத்து, அதற்குச் சில விதிகளையும் வகுத்துவிடுகிறார். மீண்டும் அவ்வுலகத்திற்கே செல்வாராயின், தாம் வகுத்த விதிகளுக்குத் தாமே கைதியாகிறார். அதை விட்டு வேறோர் உலகம் படைப்பாராயின், “பழைய உலகம் எங்கே?” என்று வாசகர் முறையிடுகின்றனர். இவ்விரண்டு நெருக்கடிகளுக்கும் இடையே அகப்பட்டுத் தளர்ந்த ஆசிரியரைப் பார்த்து, “இவருடைய கற்பனை வற்றிவிட்டது” என்று உலகம் தீர்ப்புக் கூறிவிடுகிறது. அத்தீர்ப்பை ஆராயாமல் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. பெரும்பாலும் முதலில் வற்றுவது சுற்றியிருப்போரின் பொறுமையே என்பது நம் கருத்து. ஐரோப்பிய இலக்கிய வரலாற்றிலிருந்து சில உதாரணங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அற்புதம் இரு வகை

அதற்கு முன் தோழர் சிலருக்கு எழக்கூடிய ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுதல் நலம். “புராணப் புளுகுகளை ஒழிக்க வேண்டுமென்று பேசுவோர், மாயக் கதைகளுக்கு வக்காலத்து வாங்கலாமா?” என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அற்புதத்தில் இரு வகை உண்டு. “இது நடந்தது, நம்பு, நம்பாவிடில் நரகம்” என்று அதட்டுவது ஒரு வகை. “இது நடக்கவில்லை, ஆனால் நடந்தால் மனிதன் கதி என்னவாகும்? சிந்தித்துப் பார்” என்று அழைப்பது மற்றொரு வகை. முன்னது அறிவை உறங்க வைக்கிறது. பின்னது உறங்கும் அறிவைத் தட்டி எழுப்புகிறது. நாம் ஈண்டு பேசப் புகுவது பின்னதைப் பற்றியே. கேள்வி கேட்பதே இவ்வகை நூலின் உயிராகையால், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கும்படி ஆசிரியரை வற்புறுத்துவது அந்த உயிரையே வாங்குவதாகும்.

தந்தை மறைத்த நூல்

1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் கடல்களுக்கு அண்மையிலுள்ள சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்தை மூடினமையால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே இல்லாது போயிற்று. அந்த 1816-ம் ஆண்டின் மழையும் குளிரும் நிறைந்த நாட்களில், ஜெனிவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நண்பர்கள் சிலர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் கூறிக்கொண்டனர். கவிஞர் பைரனும் ஷெல்லியும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆனால் அவர்களிடையே இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் கதையே உலகில் நிலைத்தது. அவரே மேரி ஷெல்லி, அக்கதையே ‘பிராங்கன்ஸ்டைன்’. 1818-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில், ஆசிரியர் பெயரின்றி, ஐந்நூறு பிரதிகளே அச்சிடப்பட்டு அந்நூல் வெளிவந்தது. எழுதியவர் ஷெல்லியே என்று பலர் எண்ணினர். ஒரு பெண்ணால் இவ்வாறு எழுத முடியுமென்று அக்கால அறிஞர் நம்பவில்லைபோலும்!

அதன் பின் மேரி அடைந்த துயரம் கொஞ்சமன்று. 1818-ல் மகளையும் 1819-ல் மகனையும் இத்தாலியில் பறிகொடுத்தார். அத்துயரத்தினிடையே அவர் எழுதிய அடுத்த கதை ‘மட்டில்டா’. தந்தையொருவன் தன் மகளிடம் கொண்ட தகாத ஆசையையும், அதனால் அவள் வாழ்வு பாழானதையும், அவளே கூறுவதாக அமைந்தது அது. அச்சிடும் பொருட்டுக் கையெழுத்துப் பிரதியை இங்கிலாந்திலிருந்த தம் தந்தைக்கு மேரி அனுப்பிவைத்தார். தந்தை யார்? ‘அரசியல் நீதி’ என்னும் நூலை 1793-ல் எழுதி, மனித அறிவைக் கட்டுப்படுத்தும் எல்லா அதிகாரங்களையும் எதிர்த்த வில்லியம் காட்வின். அவர் அக்கதையை அருவருப்பானதென்று ஒதுக்கினார், அச்சிடவுமில்லை, மேரி பலமுறை கேட்டும் பிரதியைத் திருப்பித் தரவுமில்லை. அந்நூல் முதன்முதலாக அச்சேறியது 1959-ம் ஆண்டில். மேரி இறந்து நூறாண்டுகளுக்கும் அதிகமான பின்னர்!

சீர்திருத்தம் பேசுவோர் இவ்விடத்தில் சற்று நின்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஊருக்கு உரிமை போதித்த ஒருவர், வீட்டில் மகளின் எழுதுகோலுக்கு விலங்கிட்டார். மேடையில் ஒரு நீதி, வீட்டில் ஒரு நீதி என்பது இலக்கியத்தையும் தீண்டும் நோய் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவதாக அச்சேறிய மேரியின் நாவல் 1823-ல் வந்த ‘வால்பெர்கா’. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் லூக்கா நகரை ஆண்ட காஸ்ட்ருச்சோ என்பவனின் வரலாற்றைத் தழுவியது அது. கடன்பட்டிருந்த தந்தைக்கு உதவும் பொருட்டு அதன் வருவாயையும் மேரி அவருக்கே அளித்தார். அவரும் அதைத் திருத்திக் குறைத்துப் பெயரை மாற்றி வெளியிட்டார். பிராங்கன்ஸ்டைன் படைத்த பூதத்தை எதிர்பார்த்து அந்நூலைத் திறந்தவர்கள், அங்கே பூதத்தைக் காணாமல் ஏமாந்தனர். ஊன்றிப் படித்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள். புகழாசை மிகுந்த ஓர் இளைஞன், தன்னிடம் அன்பு வைத்தவரையெல்லாம் அழித்துக்கொண்டே மேலேறுவதுதான் இரண்டு நூல்களின் உட்பொருளும். முன்னூலில் அவன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தான். பின்னூலில் அரண்மனையில் இருக்கிறான். அன்பு மிக்க இளைஞனாகப் புறப்பட்ட காஸ்ட்ருச்சோ, கொடுங்கோலனாகவே முடிகிறான். மேரி தம் பொருளை விட்டுவிடவில்லை. அதன் உடையை மாற்றினார். அளவுகோலுடன் வந்தவர்கள் உடையை மட்டுமே அளந்து சென்றனர்.

1826-ல் அவர் மீண்டும் அற்புதக் கதைக்குத் திரும்பி, ‘கடைசி மனிதன்’ என்னும் நாவலை எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் ஒன்று மனித குலத்தையே அழித்துவிட, ஒருவன் மட்டும் எஞ்சி நிற்கிறான் என்பது கதை. மதிப்புரைகாரர் அதனை எள்ளி நகையாடினர். நூலும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 2020-ம் ஆண்டில் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது மக்கள் அதனைத் தேடிப் படித்தனர். நூல் மாறவில்லை, வாசகர் அதனிடம் வந்துசேர இத்தனை காலம் பிடித்தது.

இரும்புப் பெட்டியிற் கிடந்த நூல்

அடுத்து பிரான்சு தேசத்து ஜூல் வேர்னை எடுத்துக்கொள்வோம். ‘பலூனில் ஐந்து வாரங்கள்’ என்னும் அவருடைய முதல் நாவல் 1863-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்து நல்ல வரவேற்பைப் பெற்றது. பதிப்பாளர் ஹெட்சல் என்பவர். அடுத்து வேர்ன் அவரிடம் கொண்டுசென்ற நாவலின் பெயர் ‘இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்’. 1960-ம் ஆண்டில் பாரிஸ் நகரம் எவ்வாறிருக்குமென்று அந்நூல் கற்பனை செய்தது. உயரப் பாலங்களின்மேல் காற்றழுத்தத்தால் இரயில்கள் ஓடுகின்றன. குதிரையில்லா வண்டிகள் தெருவெல்லாம் திரிகின்றன. எழுத்தையும் படத்தையும் கம்பி வழியே தொலைவுக்கு அனுப்புகின்றனர். எல்லாம் உண்டு, ஆனால் கவிதைக்கு மட்டும் இடமில்லை. லத்தீன் செய்யுளுக்குப் பரிசு பெற்ற மிஷேல் என்னும் இளைஞனைப் பார்த்துக் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. உறவினரின் பாங்கியில் கணக்கெழுதப் போகிறான்; முடியவில்லை. பின்னர் ஒரு நாடகத் தொழிற்சாலையிற் சேருகிறான். அங்கே நாடகங்களை ஒருவர் எழுதுவதில்லை. இன்னின்ன பகுதிக்கு இன்னின்னார் என்று வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டு, செருப்புத் தைப்பதுபோல் நாடகம் தைக்கப்படுகிறது! கடைசியில் கடுங்குளிரிலும் பஞ்சத்திலும் அலைந்து, கல்லறைத் தோட்டத்தின் பனியில் அவன் வீழ்கிறான்.

ஹெட்சல் இதனை ஏற்கவில்லை. ‘உம் தீர்க்கதரிசனத்தை ஒருவரும் நம்பமாட்டார், இதை வெளியிடுவது உம் பெயருக்குக் கேடு, இருபது ஆண்டு கழித்து எழுதும்’ என்னும் கருத்துப்பட எழுதி மறுத்துவிட்டார். வேர்ன் பிரதியை எடுத்து வைத்துவிட்டு, வடதுருவப் பயணத்தைப் பற்றியும் பூமியின் நடுவிடத்திற்குச் செல்லும் பயணத்தைப் பற்றியும் எழுதத் தொடங்கினார். மறைத்துவைத்த அந்நூல் 1989-ம் ஆண்டில் அவருடைய கொள்ளுப்பேரனால் ஓர் இரும்புப் பெட்டியிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, 1994-ம் ஆண்டில்தான் அச்சாயிற்று. அது பேசிய 1960-ம் ஆண்டே கழிந்து முப்பத்து நான்கு ஆண்டுகளாகியிருந்தன.

நாம் நடுநிலை தவறாமற் கூறுவதாயின், ஹெட்சல் கண்ட குறைகளிற் சில உண்மையே. அந்நூலில் கதை மெலிந்தது. பாத்திரங்கள் வாழ்வதைக் காட்டிலும் பேசுவது அதிகம். வரிசை வரிசையாக யந்திரங்களையும் புலவர் பெயர்களையும் அடுக்குவது படிப்பவரைச் சோர்வடையச் செய்கிறது. திருத்தி எழுதும்படி அவர் சொல்லியிருந்தால் அது ஆசிரியருக்குச் செய்த நன்மையாகும். ஆனால் அவர் அஞ்சியது நூலின் மெலிவுக்கு மட்டுமன்று; அதன் கேள்விக்கும் அஞ்சினார். யந்திரத்தால் மனிதன் எங்கெங்கே போகலாமென்று முதல் நூல் மகிழ்ந்து கூறிற்று. யந்திரம் மனிதனை என்ன செய்யுமென்று இரண்டாவது நூல் கேட்டது. முதலது விற்பனைக்கு உகந்தது, இரண்டாவது உகந்ததன்று.

இதன் பின் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. ஆண்டொன்றுக்கு இத்தனை தொகுதி எழுதித் தருவதென்று வேர்ன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ‘அதிசயப் பயணங்கள்’ என்ற பெயருடன் ஐம்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் வரிசையாக வந்தன. அவற்றுட் பல உலகம் போற்றும் நூல்களே; மறுப்பாரில்லை. எனினும் பதிப்பாளர் கை அவற்றிலும் நீண்டது. நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நீமோவை, ருஷிய ஆட்சியாற் குடும்பத்தை இழந்த போலந்துக்காரனாகப் படைக்க வேர்ன் விரும்பினார். ருஷியாவின் மனம் நோகுமென்று ஹெட்சல் தடுத்தார். ஆகவே நீமோவின் நாடு எதுவென்று சொல்லாமலே அந்நூல் வெளிவந்தது. பின்னர் 1875-ல் முற்றுப்பெற்ற ‘மர்மத் தீவு’ என்னும் நூலில், அவன் 1857-ம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இந்திய இளவரசன் என்று வேர்ன் வெளிப்படுத்தினார். இந்தியனென்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அப்பெருமைக்குப் பின்னால் ஒரு பதிப்பாளரின் அச்சம் நிற்கிறதென்பதையும் மறத்தலாகாது. நாடகத் தொழிற்சாலையைக் கேலி செய்த இளைஞர், தாமே ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தப்படி நூல் உற்பத்தி செய்ய நேர்ந்ததே! அக்கேலியை அவர் எத்தனை முறை நினைத்துக்கொண்டிருப்பார்!

சுடப்பட்ட தேவதூதன்

எச். ஜி. வெல்ஸ் என்பவரின் வரலாறு வேறு. தந்தை சிறு கடைக்காரர். தாய் பெரிய வீடொன்றில் பணி புரிந்தவர். சிறுவயதில் துணிக்கடையில் வேலை பழக விடப்பட்டு, நாளெல்லாம் நின்று உழைத்து, அதனை வெறுத்து வெளியேறியவர் வெல்ஸ். உதவிச் சம்பளம் பெற்று இலண்டனில் விஞ்ஞானம் பயின்றபோது, பரிணாமக் கொள்கைக்காகப் போராடிய ஹக்ஸ்லியே அவருக்கு உயிர்நூல் கற்பித்தார். உழைப்பாளியின் களைப்பும் விஞ்ஞானியின் கேள்வியும் ஒருங்கே சேர்ந்தவர் அவர்.

அவருடைய முதல் நாவலான ‘கால யந்திரம்’ 1895-ம் ஆண்டு மே மாதத்தில் நூலாக வெளிவந்தது. அதன் வித்து 1888-ம் ஆண்டிலேயே கல்லூரிப் பத்திரிகையொன்றில் இடப்பட்டுவிட்டது. ஏழு ஆண்டுகளில் பலமுறை அழித்தும் திருத்தியும் எழுதியதன் பயனே அந்நூல். எட்டு இலட்சத்து ஈராயிரத்து எழுநூற்றோராம் ஆண்டில் மனித குலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் விளையாடும் மெல்லியர். கீழே இருட்டில் யந்திரங்களை ஓட்டும் பாதாளவாசிகள். முதலாளி தொழிலாளி வேற்றுமையை இப்படியே வளரவிட்டால் முடிவு என்னவென்பதே கேள்வி. உழைப்பவரைக் கண்ணிற்படாத இடத்தில் ஒதுக்கி வைக்கும் எந்த நாட்டிற்கும் அக்கேள்வி பொருந்தும்.

இரண்டாவது நாவலான ‘அதிசய வருகை’ அதே ஆண்டு செப்டம்பரில் வந்துவிட்டது. முதலதற்கு ஏழாண்டு; இரண்டாவது நான்கே மாதம் கழித்து! கதை இது: பறவைகளைச் சுட்டுச் சேகரிக்கும் பாதிரியார் ஒருவர், விசித்திரப் பறவையென்று எண்ணி ஒரு தேவதூதனைச் சுட்டுவிடுகிறார். காயம்பட்ட தேவதூதன் கிராமத்தில் தங்குகிறான். பசியென்றால் என்ன, நோவென்றால் என்ன என்பவற்றை முதன்முறையாக அறிகிறான். டாக்டர் அவன் சிறகுகளைப் பார்த்து, ‘இஃது ஒரு வகை ஊனம், அறுத்துவிடலாம்’ என்கிறார். நிலப்பிரபு முள்வேலியிட்டு ஏழைகளைத் தடுப்பது ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை. அவனிடம் உண்மையான பரிவு காட்டுவோருள் முதன்மையானவள் பணிப்பெண் டெலியா. கோவிலில் தேவதூதரைத் துதிக்கும் ஊர், உண்மையில் ஒரு தேவதூதன் வந்தால் அவனுக்கு இடம் கொடாது என்று நகைச்சுவையோடு இடித்துரைக்கிறார் வெல்ஸ். சாமியின் பெயரைச் சொல்லி ஊரை ஏய்ப்போர் எங்கும் உண்டாகையால், இவ்வடி எங்கும் விழும்.

கருத்து இவ்வளவு கூர்மையாயிருந்தும் நூல் ஏன் நிலைக்கவில்லை? காரணம் அவசரமே. கால யந்திரத்தில் ஆசிரியர் வாசகனின் கையைப் பிடித்துப் படிப்படியாக அழைத்துச் செல்கிறார், யந்திரத்தைக் காட்டுகிறார், அதன் நியாயத்தை விளக்குகிறார், பிறகே பயணம். இரண்டாவது நூலில் தேவதூதன் வானிலிருந்து விழுந்துவிடுகிறான், அவ்வளவுதான். அவனால் எது முடியும், எது முடியாது என்னும் வரம்பு தெளிவாக இல்லை. அதனால் முடிவில் வீடு தீப்பற்றி எரிய, டெலியாவும் அவனும் நெருப்பில் மறைவதைப் படிக்கையில் நம் உள்ளம் முழுமையாக உருகுவதில்லை.

ஆனால் இத்தோல்வி வீண்போகவில்லை. ‘மோரோ டாக்டரின் தீவு’ 1896-லும், ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ 1897-லும், ‘உலகங்களின் போர்’ 1898-லும் நூலாக வந்தன. ஒவ்வொன்றிலும் நடக்கவொண்ணாதது ஒன்றே ஒன்று. மற்றவையெல்லாம் அன்றாட வாழ்க்கை. எதுவும் நடக்கலாமென்று விட்டுவிட்டால் எதிலும் சுவையிராதென்று பிற்காலத்தில், 1933-ம் ஆண்டு எழுதிய முன்னுரையொன்றில், வெல்ஸே இதனைக் கொள்கையாகக் கூறினார். இன்னொன்று: ஒன்றுபோல் ஒன்றை அவர் எழுதவில்லை. கால யந்திரத்திற்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகமென்று இழுத்துக்கொண்டே போயிருந்தால், மேற்சொன்ன மூன்று நூல்களும் நமக்குக் கிடைத்திரா. இரண்டாவது நூலில் இடறுவது குற்றமன்று. இடறுமென்று அஞ்சி முதல் நூலின் நிழலிலேயே உட்கார்ந்துவிடுவதே குற்றம்.

பதினேழு ஆண்டு காத்த நூல்

இதுவரை கூறியவற்றிலிருந்து, வாசகர் பழையதைக் கேட்பதால் எப்போதும் தீமையே விளையும் என்று முடிவு கட்டுதலும் தவறாகும். ஆக்ஸ்போர்டில் மொழிநூற் பேராசிரியராயிருந்த டோல்கீன் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. அவருடைய ‘ஹாபிட்’ என்னும் கதையைப் பதிப்பாளர் அன்வின், தம் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பையன் நல்ல கதையென்று எழுதிக்கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி பெற்றான். 1937-ம் ஆண்டு செப்டம்பரில் நூல் வெளிவந்து விரும்பிப் படிக்கப்பட்டது. உடனே இன்னொன்று வேண்டுமென்றார் அன்வின். டோல்கீன் தாம் இளமை முதல் எழுதிவந்த பழங்காலப் பெருங்கதைகளைக் கொடுத்துப் பார்த்தார், அவை ஏற்கப்படவில்லை. குள்ள மக்களான ஹாபிட்டுகளைப் பற்றியே கேட்டனர். ஹாபிட்டுகளைப் பற்றி இனிச் சொல்ல என்ன இருக்கிறதென்று திகைத்த ஆசிரியர், 1937-ம் ஆண்டு டிசம்பரில், கதை எங்கே போகுமென்று தெரியாமலே ஒரு பிறந்தநாள் விருந்திலிருந்து தொடங்கினார்.

தொடங்கிய கதை அவரை இழுத்துச் சென்றது. யுத்தம் வந்தது, வேலைச் சுமை அழுத்தியது, பலமுறை கதை நின்று நின்று நகர்ந்தது. 1949-ம் ஆண்டில்தான் முடிந்தது. ‘மோதிரங்களின் அதிபதி’ என்னும் அந்நூல் 1954, 1955-ம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. முதல் நூலுக்கும் அதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள்! சிறுவர் கதை கேட்டவருக்குக் கிடைத்தது, அதிகாரம் மனிதனை எப்படி அரிக்கிறதென்று ஆராயும் பெருங்காவியம்.

இங்கே நாம் முன்பு சொன்ன ‘விதிகளின் சிறை’ எவ்வாறு உடைக்கப்பட்டதென்று பாருங்கள். முதல் நூலில் மோதிரம், அணிந்தவனை மறைக்கும் வெறும் விளையாட்டுப் பொருள். கோலம் என்னும் குகைவாழ் உயிர் அதனைப் பந்தயத்திற்கு வைத்துத் தோற்றபின், மரியாதையாக வழிகாட்டி அனுப்பிவிடுகிறது. இரண்டாவது நூலிலோ அம்மோதிரமே தீமையின் இருப்பிடம். அதனைக் கொண்டவன் எவனும் மனமார விட்டுக்கொடுக்க மாட்டான். இரண்டும் பொருந்தவில்லை. டோல்கீன் என்ன செய்தார்? முதல் நூலின் அப்பகுதியைத் திருத்தி எழுதினார். 1951-ம் ஆண்டுப் பதிப்பில் அது சேர்ந்தது. பழைய வரலாறோ, கதாநாயகன் மோதிரத்தின் வசப்பட்டுச் சொன்ன பொய் என்று இரண்டாவது நூலில் விளக்கம் தந்தார்! பழைய நூலுக்குப் புதிய நூல் அடங்கி நடக்க வேண்டுமென்பதில்லை. புதிய உண்மை தெரிந்தபோது பழைய நூலையே திருத்தலாம் என்பதை இதனினும் அழகாகக் காட்ட முடியாது. முன்னோர் எழுதியதென்பதற்காக ஓர் எழுத்தையும் தொடக்கூடாதென்போர் இதைக் கவனிப்பார்களாக.

இதில் வாசகனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு ஷில்லிங் கூலி பெற்ற அந்தப் பையன் வளர்ந்து தந்தையின் தொழிலில் சேர்ந்தபின், இவ்வளவு பெரிய நூலை அச்சிட்டால் ஆயிரம் பவுன் நட்டம் வரலாமென்று கணக்கிட்டும், வெளியிடவே வேண்டுமென்று வாதாடினார், தந்தையும் இசைந்தார். முதல் நூலைப் போன்ற மற்றொன்று அல்ல இஃது என்பதை அறிந்தே அவர் அதனை வரவேற்றார். அத்தகைய வாசகர் ஒருவர் கிடைப்பது ஆசிரியரின் பெரும்பேறு.

அண்மைக் காலத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சுசன்னா கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், இரு மந்திரவாதிகளைப் பற்றிய ஒரு மாபெரும் நாவலை 2004-ல் வெளியிட்டுப் புகழ் பெற்றார். பின்னர் நீண்ட நோய் அவரைப் பற்றியது. முன்னூலின் தொடர்ச்சியை எழுத உடல் இடந்தராமையால், அதனை ஒதுக்கிவைத்து, எல்லையற்ற மண்டபங்கள் நிறைந்த மாளிகையொன்றில் தனியே வாழும் மனிதனைப் பற்றிச் சிறியதொரு நாவல் எழுதினார். ‘பிரானேசி’ என்னும் அந்நூல் 2020-ல், பதினாறு ஆண்டு கழித்து, வெளிவந்து மறு ஆண்டில் இங்கிலாந்தில் பெண் நாவலாசிரியர்க்கு வழங்கப்படும் பெரும் பரிசைப் பெற்றது. தம் தளர்ச்சியை மறைத்துப் பழைய பெருமையைக் காட்ட முயலாமல், தம்மால் இயன்ற அளவில் உண்மையாக எழுதியதே அந்நூலின் சிறப்பு.

வாசகர் கடமை

மேற்கண்ட வரலாறுகளில் எங்கேயேனும் கற்பனை வற்றியதைக் கண்டோமா? இல்லை. மேரியின் நூலைத் தந்தை மறைத்தார். வேர்னின் நூலைப் பதிப்பாளர் மறுத்தார். வெல்ஸின் நூலை அவசரம் மெலிவித்தது. டோல்கீனுக்கு மட்டும் காலமும், பொறுமையுள்ள வாசகரும் கிடைத்தனர். ஆகவே இரண்டாவது நூலின் சோதனை ஆசிரியருக்கு மட்டும் உரிய சோதனையன்று. அது வாசகரையும் சோதிக்கிறது.

இரண்டாவது நூலொன்று நம் கைக்கு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. முன்னூல் கேளாத கேள்வி எதையேனும் இந்நூல் கேட்கிறதா? தான் வகுத்த வரம்புக்குள் நின்று அக்கேள்விக்கு நேர்மையாக விடை தேடுகிறதா? இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைக்குமாயின், நடையில் சிறு தளர்ச்சியிருந்தாலும், பழகிய முகங்கள் இல்லாவிட்டாலும், அந்நூலை வாழ்த்தி வரவேற்பதே அறிவுடைமை. ‘இல்லை’ என்று விடை வருமாயின், முன்னூலின் சாயல் எவ்வளவு இனித்தாலும் அது வெறும் நகலே.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் படிப்பகம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஒரு நூலை அலமாரியில் வைக்கும்போது, “இதுவும் அதைப் போன்றதுதானா?” என்ற கேள்விக்கு விடை தேடாதீர்கள், “இது எதைக் கேட்கிறது?” என்று படிப்போர் கேட்கும்படி பழக்குங்கள். அப்பன் வெட்டிய கிணறென்று உப்புநீரைக் குடிக்கலாமா என்று சமூக வழக்கங்களைப் பார்த்துக் கேட்கும் நாம், இலக்கியத்தில் மட்டும் அதே கிணற்றைச் சுற்றிவருதல் பொருந்துமா? வாழ்க்கையில் மாறுதல் வேண்டுவோர், புத்தகத்தில் மாறுதலைக் கண்டு முகம் சுளித்தால், அவர்களுடைய சீர்திருத்தம் பாதியிலே நின்றுவிட்டதென்றே பொருள்.

புதிய கேள்வியுடன் வரும் எழுத்தாளருக்குக் கதவைத் திறந்துவையுங்கள். இரும்புப் பெட்டியில் இன்னொரு நூல் நூற்றுமுப்பது ஆண்டு கிடத்தல் வேண்டா.